வட்டமாகப் போட்ட நாற்காலிகள்: ஆற்றுப்படுத்தும் குழு எப்படி உருவாகி வளர்கிறது

1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காக ஒரு வாராந்திர வகுப்பைத் தொடங்கினார். அப்போது காசநோயைக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஓய்வு, சத்தான சாப்பாடு, திறந்தவெளிக் காற்று, இவ்வளவுதான் வைத்தியம். வசதி உள்ளவர்கள் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் போய்த் தங்கினார்கள். பிராட்டிடம் வந்தவர்களோ நெரிசலான வாடகை வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். அந்த ஒழுங்கை வீட்டில் இருந்தபடியே கடைப்பிடிக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரம் போதாது. அதனால் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்தார். தினமும் உடல் சூட்டையும் ஓய்வெடுத்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். வகுப்புக்கு வந்ததும் எடை பார்ப்பார்கள். எம்மானுவல் தேவாலயம் செலவுக்கு உதவியது.

நேரத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாட்டில் வேறொன்று நடந்தது. எடை கூடியவரைப் பார்த்து மற்றவர்களுக்குத் தெம்பு வந்தது. இனத்தாலும் மதத்தாலும் வேறுபட்ட அந்த மனிதர்களை ஒரே நோய் பிணைத்துவிட்டது என்று பிராட் பின்னால் எழுதினார். குழு சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். குழு சிகிச்சை என்ற பெயரை ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1930களில்தான். பெயர் வருவதற்கு கால் நூற்றாண்டு முன்பே வேலை தொடங்கிவிட்டது.

கவுன்சிலிங் என்பதற்குத் தமிழில் ஆற்றுப்படுத்தல் என்று ஒரு சொல் வழங்குகிறது. இலங்கையில் உளவளத்துணை என்பார்கள். இரண்டுமே நல்ல சொற்கள். ஆனால் குழுவைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதல் சொல்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. சங்க கால ஆற்றுப்படைகளில், வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ வறுமையோடு எதிரில் வரும் இன்னொருவனுக்கு வழி சொல்கிறான். எந்தப் பாதையில் போக வேண்டும், வழியில் என்ன கிடைக்கும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்பவன் அரசன் இல்லை, ஆசானும் இல்லை. கொஞ்ச நாள் முன்பு அதே பசியோடு அதே வெயிலில் நடந்தவன். அவன் சொல்வதை எதிரில் நிற்பவன் நம்புவதற்குக் காரணமும் அதுதான்.

குழுவில் மனிதர்கள் தேறுவதற்கு அடிப்படையாக என்னென்ன இருக்கின்றன என்று ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் பதினோரு காரணிகளைப் பட்டியலிட்டார். அவற்றில் முதலில் வருவது நம்பிக்கை பிறப்பது. அடுத்து, 'எனக்கு மட்டும் இல்லை, இவர்களுக்கும் இப்படித்தான்' என்று தெரிந்துகொள்வது. இரண்டையும் படித்த ஆலோசகரால் ஓரளவுக்குத்தான் கொடுக்க முடியும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வாயைத் திறந்தாலே அது நடந்துவிடுகிறது. அப்படியென்றால் குழுவை நடத்துபவருக்கு என்ன வேலை? பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வாயைத் திறக்கும்படியான ஓர் இடத்தை உண்டாக்குவது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்வது அவ்வளவு எளிதில்லை.

முதல் கூட்டத்துக்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். யாரைச் சேர்ப்பது, யாரை இப்போதைக்குச் சேர்க்காமல் இருப்பது என்பதை ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்துப் பேசி முடிவு செய்கிறார்கள். இந்த நிமிடம் தற்கொலை எண்ணத்தில் தவிப்பவருக்குக் குழு போதாது; அவருக்கு உடனடியான தனிக் கவனிப்பு வேண்டும். ஒன்பது பெண்களுக்கு நடுவில் ஒரே ஓர் ஆணை, அல்லது இளைஞர்களுக்கு நடுவில் ஒரே ஒரு முதியவரை உட்கார வைத்தால் அவர் சில வாரங்களில் வராமல் போய்விட வாய்ப்பு அதிகம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஏழு, எட்டு பேர் நல்ல அளவு என்பது யாலோமின் கணக்கு. ஐந்திலிருந்து பத்து வரை தாங்கும். ஐந்துக்குக் கீழே போனால் அது குழுவாக நடந்துகொள்வதை விட்டுவிடுகிறது, ஒருவர் மாற்றி ஒருவருக்குத் தனி ஆலோசனை என்று ஆகிவிடுகிறது. பத்தைத் தாண்டினால் கூச்ச சுபாவம் உள்ளவர் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்.

இன்னொரு முடிவு, குழு மூடியதா திறந்ததா என்பது. மூடிய குழுவில் தொடங்கியவர்களே கடைசிவரை இருப்பார்கள், இத்தனை வாரம் என்று முன்கூட்டியே தெரியும். திறந்த குழுவில் ஒருவர் போக, இன்னொருவர் வருவார். மருத்துவமனை வார்டுகளில் திறந்த குழுதான் நடைமுறையில் சாத்தியம். ஆனால் புதியவர் ஒருவர் வரும் ஒவ்வொரு முறையும் குழு கொஞ்சம் பின்னால் போய்த்தான் மறுபடி முன்னே வரும். நடத்துபவர் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

இங்கே பேசியது இங்கேயே இருக்க வேண்டும் என்ற உறுதிமொழியை எல்லோரும் கொடுக்கிறார்கள். இதில் ஓர் உண்மையை நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது. நடத்துபவர் தன் வாய்க்குப் பொறுப்பேற்க முடியும்; குழு உறுப்பினர்களின் வாய்க்கு அவரால் உத்தரவாதம் தர முடியாது. சின்ன ஊர்களில் இது இன்னும் கடினம். குழுவில் இருக்கும் ஒருவர் உங்கள் சித்தப்பாவின் கடைக்கு எதிரே குடியிருப்பவராக இருக்கலாம். ரகசியம் காப்பதைப் பற்றி முதல் நாள் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அந்தப் பயத்தையே முதல் பேச்சுப் பொருளாக எடுத்துக்கொள்வது நல்லது.

சரி, முதல் நாள் வருகிறது. நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கின்றன. எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதைவிட நடத்துபவரையே அதிகம் பார்க்கிறார்கள். யாராவது பேசினாலும் அவரைப் பார்த்தே பேசுகிறார்கள். "நீங்களே சொல்லுங்க சார், நாங்க என்ன பண்ணணும்?" என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். வட்டமாக உட்கார்ந்தாலும் மனத்துக்குள் அது இன்னும் வகுப்பறைதான்.

இந்தச் சார்ந்திருக்கும் மனநிலையை ஆழமாகப் பார்த்தவர் வில்ஃப்ரெட் பியன் என்ற மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் குழுக்களோடு ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். ஆறே வாரங்களில் அது நிறுத்தப்பட்டது. 1948இல் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் அவர் குழுக்களை எடுத்து நடத்தியபோது, வந்தவர்கள் அவர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தார்கள். அவர் எதையும் செய்யவில்லை. அந்தக் காத்திருப்பால் எல்லோருக்கும் ஏற்பட்ட சங்கடத்தைப் பற்றி மட்டும் பேசினார். குழுவுக்கு எடுத்துக்கொண்ட வேலை ஒன்று இருக்கும். அதற்கு அடியில் வேறொரு நினைப்பு ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவர் கண்டது. நம்மைக் காப்பாற்ற ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு. யாரையோ எதிர்த்துச் சண்டை போட வேண்டும், இல்லாவிட்டால் ஓட வேண்டும் என்ற நினைப்பு. நமக்குள் இரண்டு பேர் சேர்ந்து ஏதோ ஓர் அற்புதத்தைக் கொண்டுவரப் போகிறார்கள் என்ற நினைப்பு. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும்.

பியனின் மௌனத்தை அப்படியே நம் ஊரில் கடைப்பிடிக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். அழைத்தவர் வாயே திறக்காமல் இருப்பதை நாம் அவமதிப்பாக எடுத்துக்கொள்வோம். இங்கே முதல் நாளில் கொஞ்சம் பேசுவதும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதும், எப்படி வந்தீர்கள் பஸ்ஸிலா என்று விசாரிப்பதும் தேவையானவை. ஆனால் கேள்வி தன்னிடம் வரும்போது அதைக் குழுவுக்குத் திருப்பிவிடும் பழக்கம் முதல் நாளே தொடங்க வேண்டும். "இவர் கேட்டதுபோல வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?" என்ற ஒரு கேள்வி போதும். எட்டு முகங்களும் அவரிடமிருந்து விலகி அந்த மனிதர் பக்கம் திரும்பும்.

சில வாரங்கள் போனதும் மரியாதை குறையத் தொடங்குகிறது. "இதனால என்ன பிரயோஜனம்?" என்று ஒருவர் கேட்கிறார். "அவர் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார்" என்று இன்னொருவர் முறையிடுகிறார். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? பிள்ளைங்க இருக்காங்களா? எங்க கஷ்டம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு தாய் நடத்துபவரிடமே கேட்டுவிடுகிறார். புதிதாகக் குழு நடத்துபவர்கள் பயந்துபோவது இந்த இடத்தில்தான். தன்னால் குழு கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் குழு வளர்ந்திருக்கிறது. முதல் நாள் இந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு யாருக்கும் இருக்கவில்லை.

புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் வெளியிட்ட கட்டுரை இந்த வளர்ச்சிக்குப் பெயர்கள் வைத்தது. ஒன்றுகூடுதல், மோதல், இசைதல், செயல்படுதல் என்ற நான்கு கட்டங்கள். இன்று கம்பெனிப் பயிற்சி வகுப்புகளில் இந்த நான்கையும் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் டக்மன் அலுவலகங்களுக்குப் போய்ப் பார்த்து எழுதியதில்லை இது. ஏற்கெனவே வெளிவந்திருந்த ஐம்பது கட்டுரைகளைச் சேர்த்துப் படித்து எழுதினார். அவற்றில் பாதிக்கும் மேல் சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை. மோதல் என்ற கட்டம் இவ்வளவு அழுத்தமாக அதில் இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மனத்தைத் திறந்து காட்டச் சொல்லும் இடத்தில் எதிர்ப்பு வரும். விற்பனைக் கணக்கைக் காட்டச் சொல்லும் இடத்தில் அதே அளவு வரவேண்டிய அவசியம் இல்லை.

தமிழ்க் குழுக்களில் இந்த மோதல் வரும் முகமே வேறு. நேருக்கு நேர் வெடிப்பது குறைவு. ஒருவர் தாமதமாக வருவார். ஒருவருக்குத் திடீரென்று வீட்டில் விசேஷம் வந்துவிடும். கூட்டம் முடிந்தபின் வாசலில், செருப்பு மாட்டும் நேரத்தில், இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுதான் உள்ளே நடந்திருக்க வேண்டிய பேச்சு. முறை வைத்துக் கூப்பிடுவதும் இதில் பெரிய வேலை செய்கிறது. மூன்றாவது வாரத்துக்குள் குழுவில் ஒரு அண்ணன் வந்துவிடுவார், ஒரு அக்கா வந்துவிடுவார். அது தரும் இதம் உண்மையானது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே குழுவைக் குடும்பமாக்கிவிடுகிறது. அப்புறம் குடும்பத்தின் இறுக்கமும் சேர்ந்தே வருகிறது. அண்ணனை எதிர்த்து எப்படிப் பேசுவது? அக்கா அழுதால் உடனே கண்ணைத் துடைத்துவிடத்தானே வேண்டும், அழவிட்டால் தப்பாயிற்றே? நடத்துபவர் அந்த முறைப்பெயர்களைத் தடுக்கத் தேவையில்லை. "அண்ணன் என்று கூப்பிட்ட பிறகு அவரிடம் எதைச் சொல்ல முடியவில்லை?" என்று கேட்டால் போதும். வாசலில் நடந்த பேச்சு மெல்ல உள்ளே வரும்.

முகத்துக்கு நேரே பேசுவதன் மதிப்பை ஓர் எதிர்பாராத நிகழ்ச்சி உலகுக்குக் காட்டியது. 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இன உறவுகளைச் சீராக்கும் பணியில் இருந்தவர்களுக்காக ஒரு பயிற்சி முகாம் நடந்தது. உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய குழுவினரும் நடத்தினார்கள். பகலில் பங்கேற்பாளர்கள் சிறு குழுக்களாகப் பேசுவார்கள், பார்வையாளர்கள் குறிப்பெடுப்பார்கள். மாலையில் நடத்துநர்கள் மட்டும் கூடி அந்தக் குறிப்புகளை அலசுவார்கள். ஒரு மாலை, பங்கேற்பாளர்களில் சிலர் தாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா என்று கேட்டார்கள். லெவின் சரி என்றார். ஒரு பெண்மணி அன்று பகலில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி அறிக்கை வாசிக்கப்பட்டபோது, அது அப்படி இல்லை என்று அவர் குறுக்கிட்டார். அறையில் ஒரு மின்சாரம் பாய்ந்ததுபோல இருந்திருக்க வேண்டும். அடுத்தடுத்த மாலைகளில் இன்னும் பலர் வந்தார்கள். தன் நடத்தை மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை அவர் எதிரிலேயே கேட்டு, அவரோடேயே பேசுவதுதான் முகாமின் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுத்தந்தது. அடுத்த பிப்ரவரியில் லெவின் இறந்துவிட்டார். அவருடன் இருந்தவர்கள் 1947 கோடையில் மேய்ன் மாநிலத்தின் பெத்தெல் என்ற ஊரில் இதையே ஒரு பயிற்சி முறையாக வளர்த்தெடுத்தார்கள்.

தலைமையைப் பற்றியும் லெவினிடம் கற்க ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் இருவரோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1939இல் வெளிவந்தது. பத்து வயதுச் சிறுவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே தீர்மானித்து உத்தரவு போட்டார். இன்னொரு வகைத் தலைவர் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுத்தார். மூன்றாவது வகை, தன் பாட்டுக்கு விட்டுவிட்டார். உத்தரவு போட்டவரின் குழுவிலும் வேலை நன்றாகவே நடந்தது, அவர் அறையில் இருக்கும்வரை. அவர் வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசியவரின் குழுவில், அவர் வெளியே போன பிறகும் சிறுவர்கள் முகமூடியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆற்றுப்படுத்தும் குழுவை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. குழுவுக்கு வருபவரின் வாழ்க்கையில் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் கொண்ட வாரத்தில் ஒன்றரை மணி நேரம் மட்டுமே நடத்துபவர் இருக்கிறார்.

அதற்காக நடத்துபவர் ஒதுங்கி உட்கார்ந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்ட்டன் லீபர்மன், யாலோம், மேத்யூ மைல்ஸ் மூவரும் இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பலவிதக் குழுக்களில் வைத்து ஆராய்ந்து 1973இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நடத்தியவர்கள் எல்லோரும் அனுபவசாலிகள், வெவ்வேறு சிந்தனைப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். எந்தப் பள்ளி என்பதை வைத்து யார் எப்படி நடத்துவார் என்று சொல்ல முடியவில்லை. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இருந்த இருவர் முற்றிலும் வேறுவிதமாக நடத்தினார்கள். பலன் தந்தவர்களிடம் இருந்தவை இரண்டு: உறுப்பினர்கள் மேல் உண்மையான அக்கறை, நடந்ததற்குப் பொருள் புரியவைக்கும் திறன். அதாவது, "நீங்கள் கோபப்பட்டீர்கள்" என்பதோடு நிற்காமல், "அவர் பேசும்போதெல்லாம் கோபம் வருகிறதே, அவர் யாரை ஞாபகப்படுத்துகிறார்?" என்று கேட்கும் திறன். உணர்ச்சியைக் கிளறுவதும், நேரம் விதி என்று ஒழுங்குபடுத்துவதும் அளவோடு இருந்தபோதுதான் உதவின.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், நான் விட விரும்பவில்லை. பங்கேற்றவர்களில் ஏறக்குறைய எட்டு சதவீதத்தினர் உளரீதியாக நீடித்த பாதிப்புக்கு உள்ளானார்கள். கவர்ச்சியும் வேகமும் கொண்டு, எல்லோரையும் உலுக்கி, உடைத்துப் பேசவைத்த தலைவர்களின் குழுக்களில்தான் இந்தப் பாதிப்பு அதிகம் வந்தது. ஒரே நாளில் அழவைத்து, கட்டிப்பிடிக்க வைத்து, 'என் வாழ்க்கையே மாறிவிட்டது' என்று சொல்லவைக்கும் முகாம்கள் இன்று நம் ஊரிலும் நடக்கின்றன. மேடையில் நிற்பவர் எவ்வளவு பெரிய பேச்சாளர் என்பதை வைத்து அவற்றை எடைபோடக் கூடாது. மறுநாள் காலை தனியாக எழுந்திருக்கும் மனிதருக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நடத்துபவர் பெரிய படிப்பு படித்தவராகத்தான் இருக்க வேண்டுமா? உகாண்டாவின் தென்மேற்குக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு பதிலைத் தருகிறது. அங்கே மக்கள் மனச்சோர்வுக்குத் தங்கள் மொழியில் இரண்டு பெயர்கள் வைத்திருந்தார்கள்: தன்னையே வெறுப்பது, தன்மேல் இரக்கம் கொள்வது. ஆய்வாளர்கள் அந்தச் சொற்களிலிருந்தே தொடங்கினார்கள். முப்பது கிராமங்களில் பாதியில் குழுக்கள் அமைத்தார்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. மனநல மருத்துவர்கள் கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கே இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, வாரம் ஒருமுறை பதினாறு வாரம் நடத்தச் சொன்னார்கள். இழப்பு, வீட்டுச் சண்டை, வாழ்க்கையில் வந்த பெரிய மாற்றம், இவற்றைச் சுற்றியே பேச்சு. 2003இல் வெளியான முடிவின்படி, குழுவில் இருந்தவர்களில் 6.5 சதவீதத்தினரிடம் மட்டுமே கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் எஞ்சியிருந்தன. குழு இல்லாத கிராமங்களில் அது 54.7 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இந்த முறைக்கு ஒரு கையேடே வெளியிட்டது.

இன்னும் ஒரு படி போனால், தலைவரே இல்லாத குழு. 1935இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் பேசிக்கொண்டதிலிருந்து வளர்ந்த ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்தில், தலைமை ஏற்பவர்கள் ஊழியர்கள்தான், ஆள்பவர்கள் இல்லை என்பது எழுதிவைத்த மரபு. கூட்டத்தை நடத்தும் பொறுப்பு சுற்றிச் சுற்றி வரும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் குழு சிகிச்சையை நடத்துகிறார்கள். குடிப்பவரின் குடும்பத்துக்கும் அங்கே இடம் உண்டு. இரண்டு வகையும் தேவை என்றே நினைக்கிறேன். நடுங்கும் கையோடு வந்த முதல் மாதத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். ஐந்தாவது ஆண்டில், தன்னைப் போன்ற ஒருவர் வேண்டும். அதைவிட, தான் போய் உதவ ஒருவர் வேண்டும்.

டக்மன் தன் நான்கு கட்டங்களோடு ஐந்தாவது ஒன்றைச் சேர்க்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1977இல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து எழுதியபோதுதான் கலைதல் என்ற கட்டம் வந்தது. நடைமுறையிலும் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். முடிவு நெருங்கும்போது, மறைந்துபோயிருந்த தூக்கமின்மை திரும்ப வரும். இன்னும் நாலு வாரம் நீட்டிக்க முடியாதா என்று கேட்பார்கள். சிலர் கடைசிக் கூட்டத்துக்கு வராமலேயே இருந்துவிடுவார்கள். ஏற்கெனவே சொல்லாமல் பிரிந்துபோன யாரோ ஒருவர் அவர்கள் வாழ்க்கையில் இருப்பார். அதனால் மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே முடிவைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும் என்பது நடத்துபவர்களுக்குச் சொல்லப்படும் பாடம்.

நமக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம். நாம் யாரும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்கிறோம். கடைசி நாளன்று எட்டுப் பேரும் போன் நம்பரை மாற்றிக்கொண்டு, வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்து, அடுத்த பொங்கலுக்கு யார் வீட்டில் சந்திப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். நடத்துபவர் அதைக் கெடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நாற்காலிகளை ஒருமுறை மறுபடி வட்டமாக இழுத்துப் போட்டு, இதே எட்டுப் பேரும் இதே அறையில் இப்படி உட்காருவது இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரிடமும் சொல்ல வேண்டியதைச் சொல்ல நேரம் கொடுப்பார். அதற்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்திருப்பார்.